மூன்று மேடும் ஆறு முழங்காலும்

மேட்டுப்பாளையத்தில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, 33 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “இதுக்கு மேல ஏறுறதுக்கு இன்னும் என்னடி பாக்கி இருக்குது?”

நியாயமான கேள்விதான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமான மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் நிற்கும் சிகரங்களை ஹியூ மன்ரோ என்பவர் 1891-ல் பட்டியல் போட்டு வைத்தார். அந்தப் பட்டியலில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதற்கே ஆயுளைச் செலவழிக்கிறவர்கள் இன்றும் அங்கே உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் நானும் அக்காவும் பஸ்ஸில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடியே அவர்கள் நாட்டு உச்சியைத் தாண்டிவிட்டோம்.

நாங்கள் ஏறப் போனது சிகரமும் இல்லை. ஊரிலிருந்து 100 மீட்டர், மிஞ்சிப் போனால் 120 மீட்டர் எழும்பி நிற்கிற மூன்று மேடுகள். சுற்றுலாப் பலகை எதிலும் அவற்றின் பெயர் இருக்காது. மாடு மேய்க்கிற மேடு, டவர் மேடு, ஒத்தை மரத்து மேடு என்று ஊர்க்காரர்கள் சொல்கிற அடையாளம்தான் பெயர்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதற்கு முந்தைய வருடம் ஒரு குழுவோடு பெரிய மலை ஒன்றுக்குப் போனோம். காசு கட்டி, டீ-ஷர்ட் எல்லாம் கொடுத்தார்கள். விடிகாலை நாலு மணிக்குக் கிளப்பி, “இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்” என்று சொல்லியே உச்சிக்குக் கொண்டுபோனார்கள். உச்சியில் பத்து நிமிடம். போட்டோ. இறக்கம். அக்காவின் வலது முழங்கால் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது முன்னால் போனவரின் பையில் தொங்கிய மஞ்சள் டப்பா மட்டும்தான். இனி மலைக்குப் போனால் நம் இஷ்டத்துக்கு உட்காருகிற மாதிரி போவோம் என்று அன்றே முடிவு செய்தோம். அக்காவுக்கு 58, எனக்கு 52.

கோத்தகிரியில் எனக்கொரு தோழி இருக்கிறார். ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். அவர் ஆசிரியை, நான் அலுவலகத்தில். படகர் சமூகத்தவர், 61 வயது, ஓய்வு பெற்றுச் சொந்த ஹட்டியில் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) கொஞ்சம் தேயிலையும் கொஞ்சம் காய்கறியும் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊருக்கே அவர் டீச்சர் என்பதால் இங்கும் டீச்சர் என்றே சொல்கிறேன். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மேடுகள் பாதி பட்டா நிலம், பாதி மேய்ச்சல் புறம்போக்கு. நாலு பேர் வருவது பரவாயில்லை, நாற்பது பேர் வந்தால் கொழுந்து பறிப்பவர்களுக்குத்தான் தொல்லை.

இந்த மூன்று மேட்டையும் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த நாள் நல்லபடியாகப் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஏ/15 வரைபடத் தாள் கோத்தகிரிப் பக்கத்தைக் காட்டும். அதில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கிற சம உயரக் கோடுகள், 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக ஓடும். பெரும்பாலான கோடுகள் பாம்பு மாதிரி நெளிந்து எங்கோ போய்விடும். ஒரு கோடு தன்னைத் தானே சுற்றி வளையமாக மூடிக்கொண்டால் அங்கே ஒரு மேடு இருக்கிறது என்று அர்த்தம். (பள்ளமாகவும் இருக்கலாம், மலைச் சரிவில் அது அபூர்வம்.) கோத்தகிரியைச் சுற்றி இப்படிச் சின்னச் சின்ன வளையங்கள் கை நிறைய இருக்கின்றன. நான் தேடியது வளையங்களுக்கு இடையில் தார் ரோடு ஓடுகிற இடத்தை. ஒரு மேடு ஏறி இறங்கினால் ரோடு. அடுத்தது ஏறி இறங்கினால் மறுபடி ரோடு. ரோடு என்றால் பஸ் அல்லது மினி பஸ், டீக்கடை, கழிப்பறை. யாருக்காவது முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய மலையில் இந்த வசதி கிடையாது. பாதியில் முடியாமல் போனாலும் வந்த வழியே அத்தனையும் நடந்துதான் ஆக வேண்டும்.

கழிப்பறை விஷயத்தை மலை நடையைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பலர் அதை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் நடந்து, மத்தியானம் தலைவலியோடு உட்காருகிறார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரோட்டைத் தொடுகிற மாதிரி வழி போட்டால் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்துப் போனோம், மூவருமே காலி செய்தோம்.

கடைசி ரோடு எங்கே முடிய வேண்டும் என்பதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். மூன்றாவது மேடு இறங்குமிடம் அரவேணுப் பக்கம், மேட்டுப்பாளையம் போகிற ரோட்டிலேயே இருக்க வேண்டும். வீடு இருக்கிற திசையில் நடந்தால் திரும்ப ஊருக்குள் போக வேண்டியதில்லை. என்ன அழகான திட்டம் என்று எனக்கே பெருமை. சனிக்கிழமை மாலை கோத்தகிரியிலேயே நிரம்பி வருகிற பஸ்ஸில் நடுவழியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் போனது பிப்ரவரி முதல் வாரம். கோத்தகிரி நீலகிரியின் கிழக்கு ஓரம். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டாத் தொடர் மறித்துக்கொள்வதால் ஜூன், ஜூலையில் கூடலூரும் அவலாஞ்சியும் கொட்டித் தீர்க்கும்போது இங்கே தூறலோடு போய்விடும். இங்கே கனத்த மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது மலைக்காரர்களுக்கு மறக்காது. அந்த மாதங்களில் வராதீர்கள் என்று டீச்சர் திட்டமாகச் சொல்லிவிட்டார். மார்ச், ஏப்ரலில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் காலம். ஜனவரி, பிப்ரவரிதான் வாகு.

சொந்தக் காரில் வரச் சொன்ன மருமகனை வேண்டாம் என்றோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸுக்கு அது வேண்டாம். தவிர, ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்குகிறவர்களுக்குக் கார் ஒரு சுமை. காரை எங்கே விட்டோமோ அங்கேயே திரும்பி வர வேண்டும்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை என்பதால் அக்கா வீட்டிலிருந்த எவர்சில்வர் பாட்டில்களையும் ஒரு தூக்குப்போசி நிறையப் புளிசாதத்தையும் கொண்டுவந்திருந்தாள். அந்தப் போசியை நாள் முழுக்க யார் தூக்குவது என்பதே எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை. அடுத்த முறைக்குப் பையில் தட்டையாக அடங்குகிற டிபன் டப்பா.

டீச்சர் வீட்டில் சூடாகக் காபியும் வர்க்கியும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை டீச்சர் தன் சொந்தச் சாதனை மாதிரிச் சொன்னார். எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்தை விட இங்கே வெப்பம் ஒன்பது, பத்து டிகிரி குறைவாக இருக்கும். 1,000 மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அக்கா ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, தலைக்கு ஸ்கார்ஃப் என்று மூட்டையாகக் கிளம்பினாள். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி என் பையில் திணித்தாள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் சரியான உடுப்பு. நின்றால் போட்டுக்கொள்ளத்தான் சால்வை.

முதல் மேடு மாடு மேய்க்கிற மேடு. ஊரின் கடைசி வீட்டைத் தாண்டினால் தேயிலை, அதற்கு மேல் ஒரு வரிசை சில்வர் ஓக், அதற்கு மேல் வெறும் புல். நேராக ஏறினால் இருபது நிமிட ஏற்றம். டீச்சர் நேராக ஏறவில்லை. மாடுகள் போட்ட தடத்திலேயே இடமும் வலமுமாக வளைந்து போனார். “மாட்டுக்கும் முழங்கால் இருக்கில்லீங்களா? அது போற வழில போனா நமக்கும் வலிக்காது” என்றார். சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும் தடத்தில் தூரம் கூடும், மூச்சு வாங்காது. அக்காவின் வலது முழங்கால்தான் நோவு என்றதும் கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொன்னார். நாங்கள் அதுவரை வலிக்கிற பக்கமே ஊன்றுவது என்று நினைத்திருந்தோம். எதிர்ப் பக்கம் ஊன்றினால்தான் வலிக்கிற காலில் பாரம் குறையும். பிசியோதெரபிக்கு அத்தனை முறை போயும் அக்கா காதில் ஏறாதது அந்தப் புல்மேட்டில் ஏறியது.

உச்சியில் ஒரு குத்துக்கல், அடியில் காய்ந்த பூ. டீச்சர் செருப்பைக் கழற்றினார், நாங்களும் ஷூவைக் கழற்றினோம். பனியில் நனைந்த புல்லில் வெறுங்கால் பட்டதும் உள்ளங்கால் சில்லிட்டு உச்சிவரை ஓடியது. அங்கே உட்கார்ந்தவர்கள் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மேற்கே தொட்டபெட்டாத் தொடர் நீலமாகக் கிடந்தது. 2,637 மீட்டர் உச்சியில் அந்நேரத்துக்கு எத்தனை வேன் நின்றதோ. பட்டைத் தீட்டிய பச்சையாகத் தேயிலைச் சரிவுகள். நடுவே கருத்த திட்டாகத் தெரிந்ததைக் காட்டி, “லாங்வுட் சோலை” என்றார் டீச்சர். 116 ஹெக்டேர்தான். சுற்றுப்பட்ட ஊர்கள் பலவற்றுக்கு அதிலிருந்துதான் ஊற்றுத் தண்ணீர். 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். ஏரிக்கும் சதுப்புக்கும்தானே அந்தப் பட்டம் என்று கேட்டேன். “சோலைக்குள்ள போய் நில்லுங்க, கால் கீழ தரையே பஞ்சு மாதிரி தண்ணிய வெச்சிருக்கும்” என்றார்.

எங்கள் காலுக்குக் கீழேயே இன்னொன்றைக் காட்டினார். பள்ளத்தின் அடியில் இருந்த தேயிலை பழுப்பாகக் கருகியிருந்தது. அதற்குப் பத்தடி மேலே அதே தேயிலை பச்சை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் அந்த எல்லை பள்ளத்தைச் சுற்றி ஓடியது. உறைபனி. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து பள்ளத்தில் குளம் மாதிரித் தேங்கும். தேங்கிய மட்டம் வரை செடி கருகும், மேட்டில் இருப்பது பிழைக்கும். காற்றுக்கும் கரை உண்டு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெரிய சிகரத்திலிருந்து பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, அங்கிருந்து எல்லாம் வெறும் பச்சைதான்.

இறங்கும்போது தேயிலைக்குள் நடந்தோம். சரிவில் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று படத்தில் பார்க்கிற மாதிரி விரலால் கிள்ளுவதில்லை. கத்தரிதான். கத்தரியின் ஒரு அலகில் தட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள், வெட்டுகிற கொழுந்து அதில் விழும், ஒரு வீச்சில் தோளுக்குப் பின்னால் தொங்கும் பைக்குள் போகும். கிரிச், கிரிச், தொப். கிரிச், கிரிச், தொப். எங்களைப் பார்த்ததும் அந்தச் சத்தம் நின்றது.

“அங்கயே நில்லுங்கம்மா” என்றார் ஒருவர், குரலை உயர்த்தாமல்.

நாற்பதடி தள்ளி, நாங்கள் இறங்க வேண்டிய தடத்தில், ஒரு காட்டெருமை. ஒற்றை ஆண். தேயிலை அதன் வயிறு வரைக்கும்தான் வந்தது. நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி முழங்காலுக்குக் கீழே வெளுப்பு, மேலே எண்ணெய் தேய்த்த கருப்பு. தேயிலையைத் தொடவில்லை, செடிகளுக்கு நடுவே முளைத்த புல்லை நாக்கால் சுருட்டி இழுத்தது. புல் அறுபடுகிற சத்தம் நாங்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது. மூக்கிலிருந்து வந்த ஆவி தெரிந்தது. நான் போனை எடுக்கப் போனேன், டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கத்தாதீங்க, ஓடாதீங்க. அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போயிரும்” என்றார் அந்த அம்மா. முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கூட்டமாக இருந்தால் பரவாயில்லையாம், தனியாகத் திரிகிற ஆணும் கன்றோடு இருக்கிற தாயும்தான் ஆபத்து. தப்பிப் போக அதற்கு வழி விட்டு நிற்க வேண்டும், தடத்தின் இரண்டு பக்கமும் மனிதர்கள் நின்றால் அது யார் மேலாவதுதான் பாய்ந்து போகும். எனவே கீழே நின்றவர்களும் மெல்ல மேலே எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியில் புளிசாதத்தில் பாதி தீர்ந்தது. எச்சரித்த அந்த அம்மாவின் பேச்சு வேறு மாதிரி இருந்தது. விசாரித்தால், அவர் அப்பா இலங்கையின் நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்த குடும்பம். “அங்கயும் இதே செடி, இங்கயும் இதே செடி” என்று சிரித்தார்.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1892-ல் நெய்ஸ்மித் என்பவர் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் வழி ஒன்பது கிலோமீட்டர், மூன்று மேட்டிலும் சேர்த்து 330 மீட்டர் ஏற்றம். நெய்ஸ்மித் கணக்கில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. நான் அதை மூன்றால் பெருக்கி ஏழு மணி நேரம் வைத்திருந்தேன். காட்டெருமைக்கு முப்பத்தைந்து நிமிடம் அதிலேயே அடங்கியது, ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதல் ரோட்டில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வீட்டுக் கழிப்பறை. டீ குடித்தவர்களுக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் மூன்று டீயும் மூன்று பன்னும் வாங்கினோம்.

இரண்டாவது டவர் மேடு. இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உச்சி முழுவதும் செல்போன் கம்பெனியின் கம்பி வேலிக்குள் இருக்கிறது. ஜெனரேட்டர் உறுமுகிறது, டவரின் மேல்கையில் மலைத்தேனீக் கூடு ஒன்று கரும்பலகை மாதிரித் தொங்குகிறது. தலையில் மல்லிகை வைத்திருந்த அக்காவை டீச்சர் வேலிக்கு இருபதடி முன்பே நிறுத்திவிட்டார். பூ வாசனை, சென்ட், தலை எண்ணெய் எதுவும் தேனீக்கு ஆகாது. நான் மட்டும் போய் வேலியைத் தொட்டுவிட்டு வந்தேன். உச்சியைத் தொடாமல் இதை ஏறியதாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குள்ளேயே ஒரு வழக்கு. சேர்த்துக்கொண்டேன்.

அப்போது மணி பன்னிரண்டே முக்கால். கிழக்கே சமவெளியில் மேட்டுப்பாளையம் புகை மூட்டமாகத் தெரிந்துகொண்டிருந்தது, திடீரென்று காணோம். “மஞ்சு ஏறுது” என்றார் டீச்சர். கீழே வெயில் ஏற ஏற ஈரக் காற்று இந்தச் சரிவைப் பிடித்து மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும். கோத்தகிரிப் பக்கம் இது பல நாட்களில் மத்தியான வாடிக்கை. பார்க்க வேண்டியதைப் பதினோரு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் பத்துச் செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.

விழுந்தது நான். வரைபடம் பார்த்தவள், பாதை போட்டவள், அக்காவின் முழங்காலுக்கு இரண்டு மாதமாகப் பயிற்சி கொடுத்தவள், நான்தான் விழுந்தேன். தேயிலைத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கக் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், இரண்டடி ஆழம் வரும். அதன் மேல் பெரணியும் கவாத்து செய்த குச்சிகளும் மூடிக் கிடந்தால் தரை மாதிரியே தெரியும். கால் உள்ளே போனது, உடம்பு முன்னால் போனது, இடது கணுக்காலில் ஒரு சொடுக்கு.

டீச்சர் ஷூவைக் கழற்ற விடவில்லை. கழற்றினால் வீங்கிவிடும், திரும்ப நுழையாது, பிறகு எப்படி இறங்குவது? நாடாவைத் தளர்த்தினார். அக்கா தன் பையைத் திறந்து, முழங்காலுக்கென்று கொண்டுவந்திருந்த கிரேப் பேண்டேஜை எடுத்து, ஷூவுக்கு மேலேயே எட்டு வடிவமாக என் கணுக்காலைச் சுற்றினாள். சுற்றும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, “முழங்காலெல்லாம் நல்லாத்தானே இருக்குது?” என்றாள்.

கால் ஊன்ற முடிந்தது. விரலை அசைக்க முடிந்தது. எலும்பைத் தொட்டால் உயிர் போகவில்லை. நாலடி கூட ஊன்றி நடக்க முடியாமலோ, எலும்பு முனையைத் தொட்டாலே துடித்தாலோ நேராக எக்ஸ்ரேதான், அதில் பேச்சே இல்லை. இரண்டு தடி ஊன்றி, டீச்சர் முன்னால் தடியால் தரையைத் தட்டித் தட்டிப் பார்க்க, நானூறு மீட்டர் தூரம் இறங்க ஐம்பது நிமிடம். மஞ்சில் கற்பூர மரச் (யூகலிப்டஸ்) சருகு வழுக்கியது. செடியின் அடித்தண்டை ஒட்டிக் கால் வைத்தால் வாய்க்காலில் விழ மாட்டோம், செடி வாய்க்காலில் முளைக்காது இல்லையா? இந்த எளிய விஷயத்தை ஏறும்போதே யாராவது சொல்லியிருக்கலாம். டீச்சரைக் கேட்டால், “தெரியும்னு நெனச்சேன்” என்றார்.

இரண்டாவது ரோடு. அங்கேதான் என் திட்டம் என்னைக் காப்பாற்றியது. பெரிய மலையாக இருந்தால் அன்று என்னைத் தூக்கித்தான் வந்திருப்பார்கள். இங்கே எதிரிலேயே டீக்கடை, அரை மணிக்கு ஒரு முறை மினி பஸ். கடைக்காரர் ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துச் சுற்றினேன், அந்தத் தண்ணீரே ஐஸ்தான். கிளம்பலாம் என்று நான் சொன்னேன்.

“நீ உக்காரு. நாங்க போயிட்டு வந்துர்றோம்” என்றாள் அக்கா.

“எங்க?”

“மூணாவது மேட்டுக்கு.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன். மஞ்சு கலைந்துகொண்டிருந்தது. ஏற்றம் தொண்ணூறு மீட்டர், தடம் அகலமாக உச்சிவரை தெரிந்தது, ஊர்ச் சிறுவர்கள் மேலே கிரிக்கெட் ஆடப் போகிற மேடு. மணி இரண்டு. மூன்றே காலுக்குள் இங்கே திரும்ப முடியாது என்று தெரிந்தால் பாதியிலிருந்தே இறங்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். எந்த மேடானாலும் இப்படி ஒரு மணியைக் கீழே இருக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு சொன்னால் கால் கேட்காது.

அவர்கள் போன பிறகு ஒரு மணி நேரம் கடைக்காரர் பேசினார். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குக் கிடைக்கிற விலை பறிகூலிக்கே சரியாகிவிடுகிறது என்றார், மகன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்றார். அப்புறம் கரடி. “ஐந்து மணிக்கு மேல தோட்டத்துக்குள்ள நிக்காதீங்கம்மா. காட்டெருமையாவது பாத்து ஒதுங்கும். கரடி பாக்கறதுக்கு முன்னாடி பாஞ்சுரும்.” பேக்கரிக் குப்பை, கோயில் எண்ணெய் என்று தேடி ஊருக்குள்ளேயே வருகிறதாம்.

உள்ளூரில் டீச்சர் மாதிரி யாரும் இல்லாதவர்கள் இப்படித் தோட்டத்துக்குள் தாமாக நுழைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எது பட்டா, எது ரிசர்வ் காடு என்று வெளியாருக்குத் தெரியாது, ரிசர்வ் காட்டில் அனுமதியின்றி கால் வைப்பது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகளும் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 தடங்களை வழிகாட்டியோடு திறந்தது. அதில் லாங்வுட் சோலையும் ஊட்டி கேர்ன்ஹில்லும் சுலபமான நடைதான், இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். முழங்காலோடு சண்டை இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

மூன்று பத்துக்கு அக்கா இறங்கி வந்தாள். பின்பக்கமாகத் திரும்பி, கடைசிச் செங்குத்தைப் படிக்கட்டு மாதிரி இறங்கினாள், தடி இடது கையில். முகமெல்லாம் சிவந்திருந்தது. மல்லிகையைக் காணோம். சால்வையைக் கேட்டாள், போர்த்திக்கொண்டாள், இன்னொரு டீ சொன்னாள்.

நாலு மணி பஸ் நான் பயந்தபடியே வந்தது. படி வரைக்கும் ஆள். கட்டுப்போட்ட காலைப் பார்த்து ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். அக்கா பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள், குஞ்சப்பனை வரைக்கும் நின்றாள். அங்கே ஒரு சீட் காலியானது.

“முழங்கால் எப்படி இருக்குதுக்கா?”

“அது இருக்குது.”

“மேல என்ன தெரிஞ்சுது?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வளைவு ஒன்று, வளைவு இரண்டு. பஸ் சமவெளி வெக்கைக்குள் இறங்கத் தொடங்கியது. ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

“நீ வந்து பாத்துக்கோ. நான் எதுக்குச் சொல்லோணும்?”